கடவுள் இல்லாமல் போன மறுநாள்: சேதுக்கரையை வைத்து ஒரு கணக்கு

கேள்வி இதுதான்: கடவுள் இருந்தார், ஒரு நாள் விடியும்போது இல்லாமல் போய்விட்டார். உலகம் எப்படி மாறும்? ராமநாதபுரம் கடற்கரையை வைத்து விளக்க முடியுமா?

முடியும். ஆனால் இதற்குப் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளை ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். கடவுள் என்றைக்குமே இருந்ததில்லை என்பது ஒன்று. மனிதர்கள் நம்புவதை விட்டுவிட்டார்கள் என்பது இன்னொன்று. இருந்தவர் இல்லாமல் போனார் என்பது மூன்றாவது. முதலாவதில் மாற்றத்துக்கே இடமில்லை, நேற்று எப்படியோ இன்றும் அப்படியே. பெரியார் வழி வந்தவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். இரண்டாவது மனிதர்களைப் பற்றியது. இங்கே கேட்டிருப்பது மூன்றாவது. அதற்குப் பதில் சொல்ல, போனவர் அதுவரை என்ன வேலை பார்த்தார் என்பது தெரிந்தாக வேண்டும். வேலை இன்னதென்று தெரியாமல், ஆள் வராததால் எது நின்றுபோகும் என்று சொல்ல முடியாது.

அந்த வேலை மதத்துக்கு மதம், ஏன், மதத்துக்குள்ளேயே மடத்துக்கு மடம் மாறும். தொண்டியில் தொடங்கி வாலிநோக்கம் வரை போனால் எல்லா வகைக் கடவுளும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். இந்தக் கரையை எடுத்துக்கொள்வதில் உள்ள வசதி அது.

கீழக்கரையில் தொடங்கலாம். இந்தக் கரை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹப் என்ற சட்ட வழியைச் சேர்ந்தவர்கள். நம்பிக்கைக் கல்வி அஷ்அரி என்ற இறையியல் வழி. அந்த வழியில் பொருட்களுக்கென்று சொந்தச் சக்தி எதுவும் கிடையாது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி காட்டிய உதாரணம் பஞ்சும் நெருப்பும். நெருப்புப் பட்டது, பஞ்சு கருகியது. நாம் கண்டது இரண்டும் அடுத்தடுத்து நடந்ததை மட்டும்தான். நெருப்புதான் கருக்கியது என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது. கருகலை ஒவ்வொரு முறையும் படைப்பவன் அல்லாஹ். நெருப்போடு கருகலும் சேர்ந்தே வருவது அவன் கடைப்பிடிக்கும் வழக்கம். ஒரு பொருளின் நிறம், சூடு, அசைவு எதுவும் இரண்டு கணம் தானாக நிற்பதில்லை, கணத்துக்குக் கணம் புதிதாகப் படைக்கப்படுகின்றன என்பதுவரை இந்த வழியினர் போவார்கள். ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனத்தில் அவனைச் சிறுதுயிலோ உறக்கமோ பிடிக்காது என்று வருவது வெறும் புகழ்ச்சி இல்லை. அவன் கண்ணயர்ந்தாலே உலகம் இல்லை. ஆகவே இங்கே ‘மறுநாள்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஓரியூரிலும் ஏறக்குறைய இதே பதில். 1693 பிப்ரவரி 4இல் அருளானந்தர் வெட்டப்பட்ட இடம் அது. அங்குள்ள செம்மண் அவருடைய ரத்தத்தால் சிவந்தது என்று மக்கள் எடுத்துப்போவார்கள். அந்தக் கத்தோலிக்க மரபில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதியவர் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ். வீடு கட்டிய கொத்தனார் போய்விட்டாலும் வீடு நிற்கும். ஆனால் காற்றில் பரவியிருக்கும் வெளிச்சம் சூரியன் போனால் நிற்காது. படைப்பு இரண்டாவது வகை என்றார் அவர். உதாரணம் ஒரு விதத்தில் தளர்வானது: சூரியன் அணைந்தால்கூட இங்கே தெரிய சுமார் 8 நிமிடம் 20 நொடி ஆகும். அக்வினாஸின் கடவுள் போனால் அந்த அவகாசமும் கிடையாது.

திருப்புல்லாணியில் கொஞ்சம் வேறு. ராமானுஜரின் விசிஷ்டாத்வைதத்தில் உலகம் இறைவனின் உடல். உடல் என்றால் கை, கால் உள்ளது என்று பொருள் இல்லை. எது ஓர் ஆன்மாவால் தாங்கப்படுகிறதோ, அதனால் இயக்கப்படுகிறதோ, அதற்காகவே இருக்கிறதோ அது உடல். தாங்குபவன் போனால் அது உடலும் இல்லை, உலகமும் இல்லை. இந்தத் தலத்தில்தான் ராமன் தர்ப்பையில் படுத்து, வழிவிடச் சொல்லிக் கடலரசனிடம் மூன்று நாள் வேண்டிக் காத்திருந்ததாகக் கதை. கடவுளையே மூன்று நாள் காக்கவைத்த கடல் இது என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.

ராமேஸ்வரத்துக்கு வந்தால் பதில் தலைகீழாகிறது. மெய்கண்டார் வழிச் சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டுவது) மூன்றும் அனாதி, அதாவது தொடக்கமில்லாதவை. எதையும் யாரும் படைக்கவில்லை. உயிர்களைச் சிவன் உண்டாக்கவில்லை. உலகத்துக்கு மூலப்பொருளான மாயையையும் அவன் உண்டாக்கவில்லை. குயவன் மண்ணைப் படைப்பதில்லை, பானையைத்தான் வனைகிறான். எனவே பதி இல்லாமல் போனால் மண் அப்படியே கிடக்கும், உயிர்களும் கிடக்கும். இது ஆறுதலான செய்தி என்று நினைத்தால், சிக்கல் அடுத்த படியில்தான்.

கண் பார்க்க ஒளி வேண்டும். ஒளி இருந்தும் கண்ணோடு உயிர் கலந்து நிற்காவிட்டால் காட்சி இல்லை; திறந்த கண்ணோடு யோசனையில் இருப்பவருக்கு எதிரே போகிறவர் தெரியாதது போல. அதேபோல உயிர் ஒன்றை அறிய, அதற்குள் பதி கலந்து நின்று காட்டவும் வேண்டும், கூடவே காணவும் வேண்டும். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இரண்டையும் பிரித்தே சொல்வார்கள். இந்த இரண்டும் நின்றால் உயிருக்கு மிச்சமிருப்பது அதன் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவமலம் மட்டும். அந்த நிலைக்குக் கேவலம் என்று பெயர்: இருக்கிறோம், ஆனால் இருக்கிறோம் என்பதுகூடத் தெரியாது. ஆக, சித்தாந்தப்படி கடவுள் போனால் உலகம் அழியாது, இருட்டாகிவிடும். அந்த இருட்டை இருட்டென்று அறியவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

வினையும் சிக்கும். வினை அறிவற்ற சடம், அதற்குத் தன் சொந்தக்காரர் யாரென்று தெரியாது. செய்தவரிடமே கொண்டுபோய்ச் சேர்க்க அறிவுள்ள ஒருவர் வேண்டும். தபால்காரர் இல்லாத ஊரில் கடிதம் பெட்டியிலேயே கிடப்பதுபோல நல்வினையும் தீவினையும் அப்படியே கிடக்கும். சமணர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு வினை தானே வந்து ஒட்டும், தானே பலன் தரும். அவர்களுடைய முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதர்கூட எல்லாவற்றையும் ஆளும் கடவுள் இல்லை, அவர் மேற்பார்வையும் தேவையில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். அத்வைதிக்குக் கேள்வியே பிழை: பிரம்மம் என்பது இருப்பு. இருப்பு இல்லாமல் போவது என்றால் நீர் வறண்டுபோன ஈரம் என்பது போல. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு ஒதுங்கிய கடவுளை நம்புபவருக்கு எந்த மாற்றமும் இல்லை. வேதச் சடங்கையே முதன்மையாகக் கொள்ளும் மீமாம்சகருக்கும் இல்லை, ஏனென்றால் அவருக்குச் சடங்கே நேரடியாகப் பலன் தரும், நடுவில் கடவுள் தேவையில்லை.

இந்தக் கடைசிக் கட்சி பார்க்கத் தோன்றுவதைவிட இந்தக் கரைக்கு நெருக்கமானது. ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று அக்னி தீர்த்தத்திலும் சேதுக்கரையிலும் நிற்கிற கூட்டத்தைக் கவனியுங்கள். தர்ப்பையும் எள்ளும் தண்ணீரும் பிண்டமும் யாருக்கு? அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, அவருடைய அப்பாவுக்கு. கடவுள் அங்கே சாட்சி மட்டும்தான். அவர் போனாலும் செத்துப்போன அப்பா அப்பாவாகத்தான் இருப்பார். அமாவாசைக் கூட்டம் குறையும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

அவுலியாக்கள் எனப்படும் இறைநேசர்களும் கிறிஸ்தவப் புனிதர்களும் இந்தக் கணக்கில் வேறு வரிசை. ஏர்வாடி தர்காவில் அடங்கியிருக்கும் பாதுஷா நாயகத்திடமும் ஓரியூர் அருளானந்தரிடமும் மக்கள் கேட்பது பரிந்துரை. கொடுப்பவர் மேலே இருக்கிறார், இவர்கள் எடுத்துச் சொல்பவர்கள். கொடுப்பவர் போய்விட்டால் கலெக்டர் இல்லாத கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவர் நிலைமைதான். ஆனால் மனு எழுதித் தருபவரிடம் அழுதுவிட்டு வந்தாலே பாதி பாரம் குறைந்து வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு.

சரி, உலகம் அந்தக் கணமே அழியவில்லை, நாமும் கல்லாகிவிடவில்லை என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். இல்லாவிட்டால் பதில் இங்கேயே முடிந்துவிடும். முதல் சிக்கல்: போனது யாருக்கு எப்படித் தெரியும்? காலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசன வரிசை நிற்கும். ஃபஜ்ர் என்ற விடியல் தொழுகைக்கான பாங்கு கேட்கும். தங்கச்சிமடத்தில் பூசை மணி அடிக்கும். காற்றும் மாறாது, வாடையில் பாக் நீரிணை கலங்கும், மேல்காற்றான கச்சானில் மன்னார் வளைகுடா கலங்கும். வேண்டுதல் பலிக்காத நாள்கள் முன்பும் இருந்தன என்பதால், பலிக்காததை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் வாரிக்கொண்டு போனது. ஸ்டேஷனை நெருங்கிக்கொண்டிருந்த ரயிலும் ஆட்களோடு போனது. சர்ச்சின் சுவர்கள் இன்றும் மணலில் மொட்டையாக நிற்கின்றன. அந்த இரவு கடவுள் இருந்த இரவா, இல்லாத இரவா என்று சுவர்களைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எனவே செய்தி எப்படியோ எல்லாருக்கும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது என்று இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்போது முதல் குழப்பம் வானத்தில் வராது, தாலுகா ஆபீசில் வரும். சொத்து யாருடையது?

இந்தியச் சட்டத்தில் பிரதிஷ்டை செய்யப்பட்ட தெய்வம் சட்டப்படி ஒரு நபர். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம், அதன்மேலும் வழக்குப் போடலாம். தானே பேச முடியாததால் என்றும் மைனர். அதன் சார்பில் அறங்காவலரோ தக்காரோ செயல் அலுவலரோ நடத்துவார்கள். பட்டாவில் சாமி பெயர் இருப்பது இப்படித்தான். 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையத்துறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, அந்த நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையர் அனுமதி வேண்டும். முஸ்லிம்களின் அறக்கொடையான வக்ஃப் இன்னும் கறார்: வக்ஃப் செய்த கணமே சொத்து அல்லாஹ்வுக்குப் போய்விடுகிறது, முத்தவல்லி வெறும் நிர்வாகி. சர்ச் சொத்தில் கதை வேறு. அது மறைமாவட்டத்தின் பெயரிலோ அறக்கட்டளையின் பெயரிலோ இருக்கும். கடவுள் பெயரில் பத்திரம் இல்லாததால் கடவுள் போனாலும் பத்திரம் செல்லும். ஒரே தெருவில் மூன்று சொத்து, மூன்று கதி.

உரிமையாளர் இல்லாத சொத்து அரசுக்குப் போகும் என்கிறது அரசியலமைப்பின் 296ஆம் பிரிவு. அப்படியென்றால் கோயில் நிலம் முழுக்க மறுநாளே அரசு நிலமா? இல்லை. 2019 நவம்பர் 9இல் வந்த அயோத்தி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சை முன்கூட்டியே அவிழ்த்துவிட்டது. சட்ட நபர் என்ற தகுதி பரம்பொருளுக்குக் கொடுக்கப்பட்டதல்ல. தானம் கொடுத்தவரின் சமய நோக்கத்துக்குக் கொடுக்கப்பட்டது, விக்கிரகம் அந்த நோக்கத்தின் உருவம். விக்கிரகம் உடைந்தாலும் தொலைந்தாலும் நோக்கம் தொடரும், நபரும் தொடர்வார். அதாவது சட்டம் கடவுளை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. எப்போதோ செத்துப்போன ஒரு சேதுபதி மன்னரின் விருப்பத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறது. கடவுள் போனாலும் ராமேஸ்வரம் கோயில் மூன்றாம் பிரகாரத்தின் 1212 தூண்களுக்கும் ஒன்றும் ஆகாது. கடவுளறிய உறுதி கூறுவதற்குப் பதிலாக உளமார உறுதி கூறவும் சட்டம் முன்பே வழி வைத்திருக்கிறது. அரசியல்வாதிகளுக்கும் சாட்சிகளுக்கும் அதனால் ஒரு சொல்தான் மாறும்.

பணம் எங்கே அடிவாங்கும்? ராமேஸ்வரம் கடைத்தெருவில் ஒரு சங்கைக் கையில் எடுங்கள். சுழி தொடங்கும் கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் திறந்தால் அது சாதாரணச் சங்கு. கடலில் எடுப்பதெல்லாம் அநேகமாக இதுதான். இடப்பக்கம் திறந்தால் வலம்புரி. பெயர் மாறி இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், பூசையில் கூர்முனையைக் கீழே வைத்துத்தான் பிடிப்பார்கள். இரண்டும் ஒரே உயிரினம், ஒரே சுண்ணாம்பு. சுழி மட்டும் பிறவியிலேயே மாறிப்போனது. விலை வித்தியாசத்துக்குக் காரணம் பாதி அபூர்வம், பாதி லட்சுமி. லட்சுமி போனால் அபூர்வம் மட்டும் நிற்கும், அதை வாங்கச் சேகரிப்பவர்கள் சிலர் இருப்பார்கள். அமெரிக்கக் கரையில் பிறவியிலேயே இடப்பக்கம் வாய் திறக்கும் வேறொரு சாதிச் சங்கு சாதாரணமாகக் கிடைக்கிறது. அதை வலம்புரி என்று தலையில் கட்டும் வியாபாரமும் உண்டு. வாய்க்குள் நடுத்தண்டில் விரலை ஓட்டிப் பார்த்தால் நம் சங்கில் மூன்று நான்கு வரம்புகள் தட்டும், அதில் தட்டாது. கடவுள் போனால் இந்த மோசடியும் படுத்துவிடும். ஆனால் சாதாரணச் சங்கின் விலை அதிகம் விழாது. அது காலங்காலமாக வங்காளத்துக்குப் போய் வளையலாகிறது. அங்கே அது கட்டிக்கொடுத்த பெண்ணின் அடையாளம். வழக்கத்தை நம்பிய சரக்கு தப்பிக்கும், வரத்தை நம்பிய சரக்கு மாட்டிக்கொள்ளும். தீர்த்தம் இறைப்பவர், யாத்திரைப் பணியாளர், ஆட்டோக்காரர், லாட்ஜ்காரர் எல்லாரும் இந்த இரண்டு தட்டில் எதில் நிற்கிறார்கள் என்று பார்த்தால் அவரவர் பாடு தெரிந்துவிடும்.

நியாயம் கெட்டுவிடுமா என்பதுதான் எல்லாரும் கேட்பது. பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது, சத்தியத்தை எடுத்துக்கொள்வோம். வலை காணாமல் போனது, அல்லது கைமாற்றுப் பணத்தில் தகராறு. சாட்சி இல்லை. ஊர்ப் பெரியவர்கள், “கோயில்ல வந்து கற்பூரத்தை அணைச்சிட்டுப் போ, விட்டுர்றோம்” என்பார்கள். எடுக்காதவருக்கு அணைப்பதில் நட்டமில்லை. எடுத்தவருக்குப் பிள்ளைகுட்டி நினைவு வந்து கை தயங்கும். தயங்கியதே தீர்ப்பு. சாமி எதுவும் செய்யத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். சாமி போய், நம்பிக்கை இருந்தால் இந்த முறை அச்சுப்பிசகாமல் ஓடும். சாமி இருந்து, நம்பிக்கை போனால் ஓடாது. இதன் பழுதும் அதே இடத்தில்தான்: ஒருவர் மட்டும் நம்பாதவராக இருந்தால் கூசாமல் அணைத்துவிட்டுப் போய்விடுவார், ஊரும் அவரை நல்லவர் என்று சொல்லும். செய்தி எல்லாருக்கும் தெரிந்துவிட்ட மறுநாளில் எல்லாருமே கூசாமல் அணைப்பார்கள். அந்த இடத்துக்கு சிசிடிவியும் எழுத்துக் கணக்கும் படகின் ஜிபிஎஸ்ஸும் வர வேண்டியிருக்கும். முன்பு ஒரு கட்டிக் கற்பூரத்தில் முடிந்த காரியம்.

கடலுக்குப் போகாத நாள்களும் கைவிட்டுப் போகலாம். கிறிஸ்தவ மீனவர்கள் ஞாயிறன்று தொழிலுக்குப் போவதில்லை. முஸ்லிம் மீனவர்கள் வெள்ளியன்று ஜும்மாவை விடுவதில்லை. வாரத்தில் ஒரு நாள் கடலுக்கு ஓய்வு கொடுக்க இதற்கு ரோந்துப் படகு தேவைப்படவில்லை. கடவுள் போனால் அந்த ஒரு நாளுக்குக் காரணம் போகும். பக்கத்துப் படகு போகிறதே என்று இவரும் போவார். ஆனால் கடவுள் இல்லாமலே நிற்கும் தடையும் இங்கே உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்காது, மீறினால் மானியம் போகும். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு சண்டை போட்டுப் போட்டுக் கண்ட சமாதானம். பாம்பன் பக்கம் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்துக்கு 12 நாள்தான் என்று தாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு இன்னும் நல்ல உதாரணம். அமாவாசையை ஒட்டி 6, பௌர்ணமியை ஒட்டி 6. மற்ற நாளில் பாசி வளரட்டும். நிலாவைப் பார்த்து வைத்த கணக்கு, நிலா எங்கும் போகாது. ஒருவரை ஒருவர் தினமும் பார்க்கிற இடத்தில் மேலிருந்து ஒருவர் பார்க்க வேண்டிய அவசியம் குறைகிறது என்பது என் கணிப்பு.

தண்ணீரைப் பற்றி ஒரு பயம் உண்டு: தீர்த்தங்கள் உப்பாகிவிடுமோ என்று. தங்கச்சிமடம் வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள் இருக்கும் கிணறு. சின்னப் பாலத்தில் நடந்துபோய் இறைத்தால் தண்ணீர் உப்பில்லாமல் இருக்கும். ராமன் வில்லை ஊன்றியதால் வந்த ஊற்று என்பார்கள். கோயிலுக்குள் 22 தீர்த்தங்களும் கடலுக்கு எட்டும் தூரத்தில்தான். அவை உப்பாகாததற்குக் காரணம் மணல். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். ஆகவே மேல்மட்டம் கால் அடி குறைந்தால் அடியிலிருந்து உப்பு 10 அடி ஏறும். வாளி மேலாகத் தொட்டு எடுக்கும். மோட்டார் ஒரே இடத்தில் உறிஞ்சி உப்பை மேலே இழுத்துவிடும். அக்னி தீர்த்தத்தில் முழுகி, ஈரத்துணியோடு கிணறு கிணறாகப் போய், கோடி தீர்த்தத்தில் முடித்து, துணி மாற்றிக்கொண்டு தரிசனத்துக்குப் போகும் வரிசை நின்றுபோனால் தண்ணீர் கெடாது. ‘இது தீர்த்தம், மோட்டார் போடாதே’ என்று தடுக்கும் காரணமும் போய்விட்டால்தான் கெடும்.

ராமர் சேதுவும் அப்படி. அந்த மணல் திட்டை வெட்டிக் கப்பல் கால்வாய் போடும் சேதுசமுத்திரத் திட்டம் 2005 ஜூலை 2இல் தொடங்கிவைக்கப்பட்டது. ராமர் இருந்ததற்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்று 2007இல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கலாம். ராமரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் கால்வாய் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. 12 மீட்டர் ஆழம், 300 மீட்டர் அகலம் தோண்ட வேண்டும். நீரோட்டம் கொண்டுவந்து கொட்டும் மணலை வருடா வருடம் அள்ள வேண்டும். பெரிய கப்பல்கள் அந்த ஆழத்துக்கு வராது. பவளப்பாறையும் மீன்பிடியும் தனிக் கேள்வி. மணல் திட்டு ராமரைவிடப் பிடிவாதமானது.

ஏர்வாடியில் நிலைமை கடினம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். தர்காவில் குணமாகும் என்ற நம்பிக்கையின் பேரில் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். மனநலம் குன்றியவரை எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தர்காவை ஒட்டியே துவா என்ற பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. கடவுள் போனால் ஏர்வாடிக்கு யாரும் வர மாட்டார்கள், எல்லாரும் நேரே மருத்துவமனைக்குப் போவார்கள் என்று சொல்லிவிடலாம், அப்படி நடக்காது. மனச்சிதைவுக்கு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், தேறியதும் நிறுத்தினால் திரும்ப வரும். அந்த வாரங்களில் நோயாளியும் துணைக்கு வந்தவரும் எங்கே இருப்பார்கள், யார் அவர்களை முகம் சுளிக்காமல் பார்ப்பார்கள்? தர்கா வாசல் அதற்கு இடம் கொடுத்தது. மருந்துக்கு மாற்று உண்டு, அந்த வாசலுக்கு மாற்று கட்டப் பணமும் ஆளும் வேண்டும்.

கடைசியாகக் கச்சத்தீவு. தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே விசா இல்லாமல் போய்வரலாம் என்றது. 1976 கடிதப் பரிமாற்றத்தோடு அந்தப் பக்கம் மீன்பிடிப்பது நின்றது. நடைமுறையில் மிஞ்சியது பிப்ரவரி, மார்ச்சில் அந்தோணியார் திருவிழாவுக்குப் போகும் பயணம்தான்: பெயர் கொடுத்து, பட்டியல் போட்டு, ராமேஸ்வரத்திலிருந்து படகில். அந்த இரண்டு நாளில் இரு கரைக்காரர்களும் ஒரே பூசையில் நிற்பார்கள். 2024இல் மீனவர்கள் கைதைக் கண்டித்து இங்கிருந்து யாரும் போகவில்லை. அந்தோணியார் அங்கேயே இருந்தும் போகாத ஆண்டு. அவரும் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு முன்மாதிரியாக அதை வைத்துக்கொள்ளலாம். தீவு 285 ஏக்கர், குடிதண்ணீர் கிடையாது, போகிறவர்தான் கேனில் கொண்டுபோக வேண்டும். வெறும் புதர்க்காட்டைப் பார்க்க யாரும் கேன் ஏற்ற மாட்டார்கள். ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு மட்டும் எழுதியபடியே இருக்கும்.